தடை இல்லாத பக்கம்

ஏழாம் அத்தியாயத்தின் மூன்றாம் தாளில் அவளுடைய பென்சில் நின்றுவிட்டது.

மேசைக்கு எதிர்ப்பக்கம் அவள் கணவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்ததை மறுபடியும் துடைத்தார். அவள் அந்த மூன்று வரிகளை இன்னொரு முறை வாசித்தாள்.

‘சம்மதிப்பவர் மௌனமாக இருப்பார். இவர் மௌனமாக இருக்கிறார். ஆகவே, இவர் சம்மதிக்கிறார்.’

எழுத்து அவருடையதுதான். ‘ஆகவே’யின் வகரத்தை ஒரு பக்கம் சாய்த்து எழுதுவது உலகத்தில் அவர் ஒருவர்தான்.

மழை பெய்தால் தெரு நனையும், தெரு நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்திருக்கிறது என்று சொன்னால் எவ்வளவு தப்போ அவ்வளவு தப்பு இது. தெரு நனைய நூறு காரணம் உண்டு. குழாய் உடைந்திருக்கலாம். யாரோ ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டியிருக்கலாம். மௌனமும் அப்படித்தான். பயந்தவர் பேசமாட்டார், சலித்தவர் பேசமாட்டார், தொண்டை கட்டியவரும் பேசமாட்டார். முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்த அவர், ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் நடத்திய பாடம் இது. தண்ணீர் பாட்டிலோடு உள்ளே நுழைவார், தரையில் கொஞ்சம் ஊற்றுவார், "மழை பெஞ்சுதா?" என்று கேட்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். தரை துடைக்கும் அம்மா மட்டும் சிரித்ததில்லை.

அந்த மனிதர் இந்த மூன்று வரியை எழுதியிருக்கிறார்.

"என்ன, நிறுத்திட்ட?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல. பென்சில் மழுங்கிப்போச்சு."

"சீவித் தரவா?"

"வேண்டாங்க."

இடப்பக்கத் தாளில் ‘சரி’ என்று எழுதிவிட்டு அவள் அடுத்த தாளைப் புரட்டினாள். எதிரே இருந்தபடியே அதைத் தலைகீழாக அவர் வாசித்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். அந்த வித்தையில் இருவருக்குமே முப்பது வருடப் பழக்கம். அவர் கண்ணாடியை மூன்றாம் முறையாகத் துடைத்தார்.

அந்த வீட்டில் புத்தகம் எழுதும் முறையே தனி. ஃபைலின் வலப்பக்கத் தாளில் ஒருவர் எழுதுவார். எதிரே இடப்பக்கத் தாள் மற்றவருக்கு. அவர் அதில் தடை, அதாவது ஒரு மறுப்பு, எழுதவேண்டும்; எழுதியவர் அதற்கு விடை சொல்லவேண்டும். பழைய உரைகாரர்களின் தடை விடை முறைதான். இவர்கள் அதைக் குடித்தனத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு தடையாவது எழுப்பி, அதற்கு விடையும் சொல்லாமல் எந்தத் தாளும் அச்சுக்குப் போகக்கூடாது. வலப்பக்கத்தில் மற்றவர் கை படவும் கூடாது, ஒரு கால்புள்ளிக்காகக்கூட. இவை போக, அவள் கல்யாணமான புதிதில் போட்ட விதி ஒன்று உண்டு. காலை பத்து மணிக்கு மேசைமுன் உட்கார்ந்துவிட்டால் அவரும் அவளை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடவேண்டும். பன்னிரண்டு மணிக்கு எழுந்த பிறகு ‘நீ’ சொல்லலாம், கொஞ்சலாம், கோபிக்கலாம். மேசையில் புருஷன் பெண்டாட்டி கிடையாது.

கல்யாணமே தடை விடையில்தான் நடந்தது. ஒரு கருத்தரங்கில் அவர் பத்திக்கொரு ‘ஆகவே’ போட்டுக் கட்டுரை வாசித்தார். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "ஆனால்" என்றாள். பிற்காலத்தில் மாணவர்கள் அவருக்கு ‘ஆகவே சார்’ என்றும், வேறொரு கல்லூரியில் அதே பாடம் நடத்திய அவளுக்கு ‘ஆனால் மேடம்’ என்றும் பெயர் வைத்தது சும்மா இல்லை. கருத்தரங்கு முடிந்த மறுவாரம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் ஏன் தன்னை மணக்கவேண்டும் என்பதற்கு ஏழு காரணங்கள். ஆறு காரணங்களுக்கு அவள் ஓரத்தில் தடை எழுதித் திருப்பி அனுப்பினாள். ஏழாவதை மட்டும் சும்மா விட்டாள். ‘என் தவறுகளை நீங்கள் விடமாட்டீர்கள்’ என்பதுதான் அந்த ஏழாவது.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது அவர்களுடைய ஒன்பதாவது புத்தகம். பேசாமல் இருப்பவரின் மௌனத்திலிருந்து எதையெல்லாம் நாம் முடிவுகட்டலாம், எதையெல்லாம் கூடாது என்பது அதன் கேள்வி. முதல் ஏழு அத்தியாயங்களை வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாகவேண்டும்.

அவள் தடை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. நான்கு மாதம் முன்பு, ஓர் அடிக்குறிப்பைப் பற்றி யாருடனோ வாதாடிக்கொண்டே நூலகப் படியேறிய அவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். இதயம். ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"டென்ஷன் கூடாதும்மா. வீட்டுல வாக்குவாதமே வேண்டாம். அவர் என்ன சொன்னாலும் கொஞ்ச நாளைக்குச் சரின்னு சொல்லிடுங்க."

"என்ன சொன்னாலுமா?"

"கஷ்டம்தான். என் வீட்டுலயும் யாரும் செய்யறதில்ல" என்று டாக்டர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். முதல் ‘சரி’யை எழுதியபோது பொய்க்கையெழுத்துப் போட்டதுபோலக் கை கூசியது. அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்ல மூடினார். மனிதருக்கு நிம்மதி போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தினமும் காலையில் கண்மூடிப் பிரார்த்திக்கும்போது, ‘இந்தச் சின்னப் பொய்யை நீதான் மன்னிக்கணும்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. "முப்பது வருஷமா உங்க கடவுள் இல்லன்னு சொல்றேன், அவர் ஒரு தடைகூடச் சொல்லலையே" என்பார். "உங்க மேல உள்ள பொறுமை" என்பாள் அவள். அந்த விளையாட்டும் இப்போது நின்றுபோயிருந்தது.

அதெல்லாம் போகட்டும். இந்த மூன்று வரி?

அவளுடைய அக்கா கடைசி ஐந்து வருடங்கள் மறதி நோயில் கிடந்தாள். அது எப்படி வரும் என்று அந்த வீட்டில் இருவருக்குமே தெரியும். தெரிந்ததுதான் வினை. அன்று மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, கடந்த இரண்டு மாதத்தில் நடந்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாமே ஒரே பக்கமாகச் சாய்ந்தன.

காலையில் எழுந்ததும் அவர், "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்கிறார். நாள் தவறாமல் கேட்கிறார். போன வாரம், "நம்ம பொண்ணு எந்த வருஷம் பொறந்தா?" என்றார். அவள் சொன்னதும் குழந்தைபோல முகம் மலர்ந்தது. வாசல் சாவி ஆணியில் இருப்பதில்லை. அவர் சட்டைப் பையில் கிடக்கிறது, ஏன் என்று கேட்டால் விழிக்கிறார். அடுப்புக்குமேல், ‘அணைத்தாயிற்றா?’ என்று அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. தனக்கு ஞாபகமூட்ட மனிதர் தானே ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இதற்கெல்லாம் மேலாக, மேசையில் உட்கார்ந்துகொண்டு ‘நீ’ என்கிறார். முப்பது வருடத்தில் கோபத்தில்கூட மீறாத விதி அது.

தடை எழுதினால் என்ன ஆகும்? ‘இது முதலாண்டுப் பாடத் தவறு’ என்று அவள் கையால் எழுதியதை அவர் வாசிப்பார். தன் அறிவு தன்னைவிட்டுப் போகிறது என்று ஒரு தத்துவக்காரருக்கு அவருடைய மனைவியே எழுதிக்கொடுத்ததாக ஆகும். அந்த இதயம் அதைத் தாங்குமா? எழுதாவிட்டால், இருவர் பெயரும் போட்ட புத்தகத்தில் அந்த மூன்று வரி நிற்கும். ஊர் சிரிக்கும். சிரிப்புகூடப் பெரிதில்லை. ஏழாவது காரணத்தை அவள் கைவிட்டவள் ஆவாள்.

வியாழக்கிழமையும் ‘சரி’ என்றுதான் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை காலை மாத்திரை போட்டுக்கொண்டு அவர் சற்றுக் கண்ணயர்ந்ததும், வலப்பக்கத் தாள்களை உருவி உறையில் போட்டுக்கொண்டாள். சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. திருடியைப்போல அதை எடுத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மூன்று மாடி இறங்கினாள்.

அச்சகம் நான்கு தெரு தள்ளி இருந்தது. முன்கூடத்தில் தாள்கட்டுகள் தோளுயரம் அடுக்கியிருந்தன. உள்ளே இயந்திரம் ஒரே தாளத்தில் இரைந்தது. அவள் மை வாடையில் பெஞ்சில் உட்கார்ந்து அந்த மூன்றாம் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பேனாவையும் எடுத்தாள். இதைத்தான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். ‘ஆகவே, இவர் சம்மதிக்கிறார்’ என்பதை அடித்துவிட்டு, ‘ஆகவே எதையும் முடிவுகட்ட முடியாது’ என்று எழுதவேண்டும். நான்கு சொல். யாருக்கும் தெரியாது. அவருக்கும், ஐயோ, தெரியவா போகிறது.

பேனா தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. முப்பது வருடமாக அந்தப் பக்கத்தில் அவள் கை பட்டதில்லை. இன்றைக்குத் தொட்டால், எதிரே ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே முடிந்துபோகும். அக்காவுக்குச் சாப்பாடு ஊட்டத் தொடங்கிய நாளை அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, தண்ணி குடிக்கறீங்களா? முகமெல்லாம் வேர்த்திருக்கு."

அச்சகத்தில் மெய்ப்பு பார்த்துப் பிழை திருத்தும் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, விரலில் சிவப்பு மைக்கறை. அவர்களுடைய நான்கு புத்தகங்களுக்கு மெய்ப்பு பார்த்தவர். தண்ணீர் கொடுத்துவிட்டு, தம்ளர் காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அவள் பேனாவை மூடினாள். தாளை இருந்தபடியே உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு எழுந்தாள். ‘கடவுளே, என்னால முடியல, நீயே பார்த்துக்கோ’ என்பதைத் தவிர அவளிடம் வேறு யோசனை இல்லை.

வெளியே வந்தால், எதிர்ச்சாரியில் தையல்கடைப் பலகைக்குக் கீழே அவர் நின்றுகொண்டிருந்தார்.

வெயிலில், தலை கலைந்து, ஒரு காலில் வீட்டுச் செருப்பும் மறுகாலில் வெளிச்செருப்புமாக நிற்கிறார். அவளைக் கண்டதும் கடைக்குள் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

அவள் தெருவைக் கடந்து ஓடினாள். "இங்க என்னங்க பண்றீங்க?"

"சும்மா... நடக்கலாம்னு வந்தேன்."

"காலப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். "அட" என்றார். பிறகு, "நீ எங்க கிளம்பின? சொல்லாம கொள்ளாம?"

"தாள்களக் குடுக்க வந்தேன். வெள்ளிக்கிழமை இல்லையா?"

"வெள்ளிக்கிழமைதான். கரெக்ட்" என்றார், மிகுந்த திருப்தியோடு. அந்தத் திருப்தியைக் கண்டு அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டிக்கொண்டு போவது யார், போகிறவர் யார் என்று தெருவில் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. முனை வந்ததும் இருவரும் ஒரே சமயத்தில், "இந்தப் பக்கம்" என்று மற்றவரை இழுத்தார்கள்.

அன்று குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, வேறு ஊரில் இருக்கும் மகளுக்குப் போன் பண்ணினாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

மகள், "அம்மா, நீ எப்படி இருக்க? உனக்கு ராத்திரி தூக்கம் வருதா? மறதி கிறதி ஏதாச்சும்..." என்றாள்.

"நான் அப்பாவப் பத்திப் பேசறேன்டி!"

"புரியுதும்மா. அழாத. ஒரு வாரம் பொறு. அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்."

"நான் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாத."

"ரெண்டு பேரும் இதையே..." என்று தொடங்கிய மகள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"என்ன ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்ல. குழாய மூடும்மா, தண்ணி வீணாப் போகுது."

அடுத்த ஆறு நாளும் அவள் காதுகளை வாசலில் வைத்துக்கொண்டே நடமாடினாள். போன் அடித்தால் அவருக்கு முன்னால் ஓடிப்போய் எடுத்தாள். அச்சான தாள் வரும், அவர் அதை வாசிப்பார், தன் தவறைத் தானே பார்ப்பார், அல்லது பார்க்கவேமாட்டார். இரண்டில் எது மோசம் என்று அவளுக்குத் தெரியவில்லை. பத்து மணிக்கு இருவரும் மேசைமுன் உட்காரத்தான் செய்தார்கள். அவர் எட்டாம் அத்தியாயம் எழுதினார். அவள் ‘சரி’ எழுதினாள். அவரும் சரியாகச் சாப்பிடவில்லை. சில சமயம் தலை நிமிரும்போது அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்; உடனே இருவரும் சிரித்தார்கள். பார்க்கச் சகிக்காத சிரிப்பு.

வியாழக்கிழமை பத்தரைக்கு வாசல் மணி அடித்தது. மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு மெய்ப்பு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். மார்போடு அணைத்த உறை.

"யாரு?" என்றார் உள்ளேயிருந்து அவர்.

"அச்சகத்துலேருந்து. நான் பார்த்துக்கறேன், நீங்க எழுதுங்க" என்று அவள் குரல் கொடுத்துவிட்டு, வந்தவரைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏழாம் அத்தியாயத்துல ஒரு இடம்மா" என்றார் மெய்ப்பு அம்மாள், தாழ்ந்த குரலில். "போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா போன்ல முகம் தெரியாது பாருங்க. படிச்சவங்க எழுதினதத் தப்புன்னு சொல்றதுன்னா முகம் பார்த்துத்தான் சொல்லணும்னு வந்தேன். நான் தப்பாப் புரிஞ்சிருந்தா மன்னிச்சுக்கோங்க."

"நீங்களே திருத்திடுங்க. அவர்கிட்ட ஒண்ணும் சொல்லவேண்டாம். உங்களக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"எழுத்துப்பிழைன்னா சொல்லாமலே திருத்திடுவேன். இது எழுத்துப்பிழை இல்லையேம்மா."

"தெரியும். எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியுமா?"

கடைசிக் கேள்வி மெய்ப்பு அம்மாள் கேட்டதல்ல. அவள் கணவர் சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மழையும் தெருவும்" என்றார். "அந்த மூணு வரி. அது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் முகம் சிவந்திருந்தது. நெற்றி நரம்பு தெரிந்தது. "முதல்ல உக்காருங்க" என்றாள்.

"உக்கார மாட்டேன். தெரியுமா, தெரியாதா?"

"படிச்ச அன்னைக்கே தெரியும். உக்காருங்க!"

"தெரிஞ்சுமா சரின்னு எழுதின?"

"டாக்டர் சொன்னார்! நீங்க என்ன சொன்னாலும் சரின்னு சொல்லணும், வாக்குவாதம் கூடாதுன்னு சொன்னார்!"

"அவர் சாதாரண புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்றதச் சொன்னார்! உப்பு உறைப்புக்குச் சண்டை போடாதீங்கன்னு அர்த்தம். தடை எழுதாதன்னா சொன்னார்?"

"நீங்க மட்டும் என்ன? முதல் வகுப்புப் பாடத்துல யாராவது தப்புப் பண்ணுவாங்களா? அதப் பார்த்து நான் எப்படித் துடிச்சிருப்பேன்! எங்க அக்கா மாதிரி உங்களுக்கும்..." அவளால் முடிக்க முடியவில்லை.

அவர் அவளையே பார்த்தார். பிறகு, மெதுவாகச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வேணும்னேதான் எழுதினேன்" என்றார்.

குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"நாலு மாசமா ஒரு தடை இல்ல. கோபமோன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம்தான் உங்க அக்கா ஞாபகம் வந்தது. அவங்களும் ஆரம்பத்துல இப்படித்தான் எல்லாத்துக்கும் சரி, சரின்னு தலையாட்டினாங்க. கேட்கப் பயம். மேசையில ‘நீ’ன்னு கூப்பிட்டுப் பார்த்தேன், அதுக்கும் தடை இல்ல. ஆகவே, குழந்தைக்குக்கூடத் தெரியற ஒரு தப்ப எழுதி வச்சேன். இதையாவது நீ பிடிப்பன்னு நினைச்சேன். நீ அதுக்கும் சரின்னு எழுதின." அவர் குரல் உடைந்தது. "ப்ரூஃப்லயாவது நீ பிடிப்பன்னு காத்துட்டிருந்தேன். சரியான தாள் என் டிராயர்லதான் இருக்கு."

அவள் அடுப்புக்குமேல் இருந்த சீட்டைக் காட்டினாள். "இது?"

"உனக்கு."

"தினமும் கிழமை கேட்டது?"

"உனக்குத் தெரியுதான்னு பார்க்கத்தான். ஒவ்வொரு நாளும் நீ சரியாச் சொன்னா எனக்கு அன்னைக்குப் பொழுது நிம்மதியாப் போயிடும்."

"சாவிய எடுத்து வச்சுக்கிட்டது?"

"நீ எங்கயாவது வெளிய போயிட்டா?"

"அன்னைக்குத் தெருவுல?"

"உன் பின்னாலயே வந்தேன். வழி தெரியாம நின்னுடுவியோன்னு. அவசரத்துல செருப்பு மாறிப்போச்சு."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தாள். அன்பு என்று நினைத்துத்தான் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்த அன்பு ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரையும் தனித்தனியாக அடைத்துப் பூட்டிவிட்டது.

"பொண்ணுக்குப் போன் பண்ணினேன்" என்றார் அவர், குற்றவாளிபோல.

"நானும்தான்."

"ஐயோ பாவம். ரெண்டு பேருக்கும் சேர்த்து அழுதுட்டிருப்பா."

மெய்ப்பு அம்மாள் இதற்குள் தம்ளர்களைத் தேடி எடுத்து, தண்ணீர் பிடித்து, இருவர் கையிலும் கொடுத்திருந்தார். "குடிங்க. ரெண்டு பேரும் முழுசாக் குடிங்க" என்றார். குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று அவர் கேட்டார். "தர்க்கம் படிச்சிருக்கீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. ரெண்டு பசங்கள வளர்த்தேன். பக்கத்து ரூம்ல சத்தம் இல்லன்னா தூங்கறாங்கன்னு நம்பி இருந்தோம்னா, அன்னைக்கு ஏதாச்சும் உடைஞ்சிருக்கும்."

அவர் நான்கு மாதத்தில் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "முந்நூறு பக்கம் எழுதியிருக்கோம்" என்றார் அவளிடம். "இந்த ஒரு வரி நமக்குத் தோணலையே."

டிராயரிலிருந்து சரியான தாளை எடுத்துவந்து மெய்ப்பு அம்மாளிடம் நீட்டினார். அந்த அம்மாள் வாங்கி உறைக்குள் வைக்கப் போனார்.

"இருங்க" என்றாள் அவள். "அதுக்கு நான் இன்னும் தடை எழுதல."

"அம்மா, இன்னைக்குள்ள முடிச்சாகணும்."

"அரைமணி நேரம். உக்காருங்க, தேநீர் தர்றேன். தடை எழுதாம இந்த வீட்டுலேருந்து ஒரு தாளும் வெளிய போகாது. போன தடவை போச்சு, பாருங்க என்ன ஆச்சுன்னு."

தேநீர் வந்தது. மூவரும் மேசைக்கு வந்தார்கள். அவள் தாளை வலப்பக்கம் வைத்து வாசித்தாள். ‘மௌனமாக இருப்பவரைப் பற்றி மௌனத்தை வைத்து எதையும் முடிவுகட்டக்கூடாது. கேட்கவேண்டும்’ என்று இருந்தது. நல்ல வரி. நான்கு மாதத்துக்கு முன்னால் இருந்த அதே மனிதர் எழுதிய வரி. அவளுக்கு அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவேண்டும்போல இருந்தது.

பென்சிலைச் சீவினாள். இடப்பக்கத் தாளில் எழுதினாள்: ‘ஆனால், கேட்கவே பயப்படுபவர் என்ன செய்வார்?’

அவர் தலைகீழாக வாசித்தார். முகம் மாறியது. முன்னால் குனிந்து, இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றினார். பழைய முகம். வாதத்துக்கு முன் வரும் அந்தச் சிவப்பு. அவள் நெஞ்சு மறுபடியும் பதைத்தது. டாக்டர் சொன்னது பொய்யில்லை. அந்த இதயம் நோய்ப்பட்டதுதான். நாளைக்கு எதுவும் நடக்கலாம். அதை யாரும் எழுதித் திருத்த முடியாது.

"அது நியாயமில்ல" என்றார் அவர். "நீங்க கேட்கறது வேற கேள்வி."

நீங்க. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

இடக்கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடியில் விரல் வைத்து, சுவர்க்கடிகாரத்தின் முள்ளைப் பார்த்தபடி மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். வலக்கையில் பென்சில் அப்படியே இருந்தது. மெய்ப்பு அம்மாள் தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"அதே கேள்விதான்" என்றாள். "விடை சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. ஆனா சொல்லுங்க."